முழங்கால் தேய்மானம்: ஒருத்தர் நடக்காதேங்குறாங்க, ஒருத்தர் நடங்குறாங்க. யார் சொல்றதைக் கேக்குறது?

துறையூர்க்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 51. துறையூர் பக்கம் ஒரு கிராமத்துல அங்கன்வாடி பணியாளரா இருக்கேன், 22 வருஷ சர்வீஸ். ரெண்டு முழங்காலும் வலி. வலது கால்தான் ரொம்ப. மூணு வருஷமா இருக்கு.

எங்க வேலை தெரியும்ல. தரையில உக்காந்து எந்திரிக்கிறதுதான் வேலையே. 18 பிள்ளைங்க. ஒருத்தனுக்கு மூக்கு ஒழுகும், எந்திரிக்கணும். ஒருத்தி டம்ளரைக் கவுத்துவா, எந்திரிக்கணும். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள 37 தடவை. அதோட எண்ணுறதை விட்டுட்டேன். இப்பல்லாம் ஒரு கையைத் தரையில ஊணி, இன்னொரு கையால ஜன்னல் கம்பியைப் பிடிச்சு, "அம்மாடி"ன்னு ஒரு சத்தம் விட்டுத்தான் எந்திரிக்கிறது. போன மாசம் மூணு வயசுப் பிள்ளை ஒண்ணு அதே மாதிரி கம்பியைப் பிடிச்சு "அம்மாடி"ன்னு எந்திரிச்சுது. எங்க உதவியாளருக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரை ஏறிடுச்சு. எனக்குச் சிரிப்பு வரலை.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். "எலும்போட எலும்பு உரசுதும்மா. மாடிப்படி ஏறாதீங்க, கீழ உக்காராதீங்க, ரெஸ்ட் எடுங்க"ன்னு சொல்லி மாத்திரையும் முட்டியில மாட்டுற உறை, நீ கேப்புன்னு சொல்றாங்களே, அதுவும் எழுதிக் குடுத்தார். கீழ உக்காராத அங்கன்வாடி டீச்சரை நான் பார்த்ததில்லை. சரின்னு டவுன்ல ஒரு பிசியோ சென்டருக்குப் போனேன். நாளைக்கு 250 ரூபா, 10 நாள். முட்டியைச் சுத்தி நாலு ஒட்டு ஒட்டி கரண்ட் வைப்பாங்க, குறுகுறுன்னு இருக்கும், கண்ணை மூடினா தூக்கமே வந்துடும். வெளிய வந்தா கால் லேசா இருக்கும். பஸ்ல ஏறி எங்க ஊர் நிறுத்தத்துல இறங்கும்போது பழைய வலி எனக்கு முன்னாடி இறங்கி நிக்கும். பதினோராம் நாள் ஒரு ஜெராக்ஸ் தாள் குடுத்தாங்க. அதுல ஆளு படுத்துக் காலைத் தூக்குற மாதிரி பத்து பொம்மை. "டெய்லி பண்ணுங்க"ன்னாங்க. மூணு நாள் பண்ணேன், வலிச்சுது, விட்டுட்டேன்.

அப்புறம் என் நாத்தனார் "நடந்தா எல்லாம் சரியாப் போயிடும்"னு சொன்னதைக் கேட்டு ஒரே நாள்ல ஊரைச் சுத்தி அஞ்சு கிலோமீட்டர் நடந்தேன். மறுநாள் வலது முட்டி பன்னு மாதிரி வீங்கிடுச்சு.

என் சந்தேகம் இதுதான். வலிச்சா பயிற்சியை நிறுத்தணுமா, பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பண்ணணுமா? தேய்ஞ்ச டயரை இன்னும் ஓட்டினா இன்னும்தானே தேயும்? மறுபடி கரண்ட் வச்சுக்கிட்டா பிரயோஜனம் இருக்கா, இல்லை 2,500 ரூபா தண்டமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

மலைக்காட்டுத் தேனீ:

துறையூர்ல இருந்துக்கிட்டு இதைக் கேக்குறீங்களே! கொல்லிமலை பக்கத்துலதானே இருக்கு? முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கி மேல் ரோமத்தைச் சீவிட்டு மிளகு சீரகம் போட்டு சூப் வச்சு 48 நாள் குடிங்க. ஆட்டுக்கால் சூப்பெல்லாம் அப்புறம்.

துறையூர்க்காரி:

குடிச்சாச்சுங்க. ரெண்டு மண்டலம். சூப் நல்லாத்தான் இருக்கு. முட்டி அப்படியேதான் இருக்கு.

டபுள் விசில்:

தங்கச்சி, நான் ரிட்டையர்டு கண்டக்டர், வயசு 67. முப்பது வருஷம் பஸ்ல நின்னவன். எனக்கும் இதே கதைதான். இடது முட்டியை ரெண்டு வருஷத்துக்கு முன்னால மாத்தியாச்சு, வலது இன்னும் சொந்த முட்டி.

நான் பண்ணுன தப்பைச் சொல்றேன். "ரெஸ்ட்"ன்னு டாக்டர் சொன்ன ஒரே வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு ஆபரேஷனுக்கு முன்னால ஒரு வருஷம் சாய்வு நாற்காலியே கதின்னு கிடந்தேன். முட்டி ஓய்வு எடுத்துச்சோ இல்லையோ, தொடைச் சதை கரைஞ்சு போச்சு. லுங்கியைத் தூக்கிப் பார்த்தா இடது தொடை கொக்குக் கால் மாதிரி. புது முட்டி வச்ச பிறகு அந்தச் சதையைத் திரும்பக் கொண்டுவர நான் பட்ட பாடு இருக்கே, அந்த ஒரு வருஷத்துல தினம் கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தா பாதிப் பாடு மிச்சம்.

இன்னொண்ணு, படிக்கட்டு. ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது நோவுற கால் முதல்ல. கைத்தடி பிடிச்சா வலி இல்லாத பக்கத்துக் கையில. எனக்கு வலது கால் வலி, தடி இடது கையில. ஊர்ல பாதிப் பேர் வலிக்கிற பக்கமே தடியை ஊணிக்கிட்டுப் போறான். சொன்னா "நீ என்ன டாக்டரா"ங்குறான்.

நெல்லை பிசியோ:

அக்கா, நான் 17 வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். அந்த ஜெராக்ஸ் தாளை நானும் குடுத்திருக்கேன், அதனால கொஞ்சம் கூச்சத்தோடதான் எழுதுறேன்.

முதல்ல டயர். டயர் உயிரில்லாத ரப்பர். மூட்டுல இருக்குற குருத்தெலும்பு, நாம ஜவ்வுன்னு சொல்றது, உயிருள்ள திசு. அதுக்கு ரத்தக் குழாய் கிடையாது. சாப்பாடு எப்படிப் போகும்? மூட்டுக்குள்ள இருக்குற திரவத்துல இருந்துதான். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை அமுக்கி அமுக்கி விட்டாத்தானே தண்ணி உள்ள போய் வெளிய வரும், அதே கதைதான். பாரம் ஏறி இறங்கினாத்தான் ஜவ்வு சாப்பிடும். அசைக்காம வச்சா பட்டினி. ஆனா பட்டினி கிடந்தவனுக்கு ஒரே வேளையில விருந்து வச்சா என்ன ஆகும்? அதுதான் உங்க அஞ்சு கிலோமீட்டர்.

"எலும்போட எலும்பு உரசுது"ங்குற பேச்சு எனக்குப் பிடிக்கிறதே இல்லை. எக்ஸ்ரேயில ரொம்ப மோசமா இருக்குறவங்க சந்தைக்குப் போய்ட்டு வருவாங்க. லேசா இருக்குறவங்க கட்டிலை விட்டு எந்திரிக்க மாட்டாங்க. படமும் வலியும் சேர்ந்தே போகும்னு கிடையாது. அந்த வார்த்தையைக் கேட்டவங்க பயத்துல காலை மடக்கவே மாட்டேங்குறாங்க, அதுதான் பெரிய நஷ்டம்.

கரண்ட்: கெடுதல் இல்லை. கொஞ்ச நேரம் வலி மறக்கும், அந்த நேரத்துல பயிற்சி செய்யலாம், அவ்வளவுதான். பிரிட்டன்ல நைஸ்னு ஒரு அரசு அமைப்பு 2022ல வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டியில எல்லாருக்கும் முதல் சிகிச்சை உடற்பயிற்சின்னு போட்டிருக்கு. இந்த மின்சார வைத்தியங்களுக்குப் போதுமான ஆதாரம் இல்லை, பரிந்துரைக்க வேண்டாம்னும் போட்டிருக்கு. அப்ப நாங்க ஏன் வைக்கிறோம்? கரண்ட் வச்சாத்தான் காசு குடுத்த திருப்தி நிறைய பேருக்கு. வெறும் கையோட "உக்காந்து எந்திரிங்க"ன்னு சொன்னா "இதுக்கா 250 ரூபா"ன்னு மறுநாள் வர மாட்டாங்க. ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு.

இப்ப வலி. பத்துக்கு எத்தனைன்னு நீங்களே மார்க் போடுங்க. செய்யும்போது அஞ்சு வரைக்கும் போனா பரவாயில்லை. அதுக்கு மேல போனா அன்னைக்கு எண்ணிக்கையைக் குறைங்க. முக்கியமான கணக்கு மறுநாள் காலையிலதான். 24 மணி நேரத்துல வலி பழைய அளவுக்கு இறங்கிட்டா செஞ்ச அளவு சரி. இறங்கலைன்னா அளவு ஜாஸ்தி, அடுத்த தடவை பாதியாக்குங்க. வலிச்சாலே விடுறதும் வேண்டாம், பல்லைக் கடிக்கிறதும் வேண்டாம்.

பத்து பொம்மையைத் தூக்கிப் போடுங்க. மூணு போதும். ஒண்ணு: காலை நீட்டி உக்காந்து முட்டிக்குக் கீழ துண்டைச் சுருட்டி வச்சு, அதைத் தரையோட அமுக்குங்க. அஞ்சு எண்ணுற வரை பிடிச்சு விடுங்க, பத்து தடவை. ரெண்டு: சுவர் ஓரமா போட்ட நாற்காலியில இருந்து எந்திரிச்சு மெதுவா உக்காருறது. மெதுவாங்குறதுதான் விஷயம், தொப்புன்னு விழுந்தா பாதிப் பயன் போச்சு. கை ஊணாம முடியலைன்னா நாற்காலியில ரெண்டு தலகாணி போட்டு உயரத்தைக் கூட்டிக்கோங்க. அப்புறம் வாரா வாரம் உயரத்தைக் குறைக்கலாம். முட்டி உள்பக்கம் சாயாம பாதத்துக்கு நேரா இருக்கணும். மூணு: ஒருக்களிச்சுப் படுத்து மேல் காலை நேரா ஒரு சாண் தூக்குறது. இது இடுப்புச் சதைக்கு, முட்டி வலிக்கு இடுப்பும் ஒரு காரணம்.

நடை வேணும்தான். பத்து நிமிஷத்துல ஆரம்பிங்க. ராத்திரி முட்டிக்குக் கீழ தலகாணி வச்சுப் படுக்காதீங்க, சுகமா இருக்கும், ஆனா நாளாக நாளாக மூட்டு மடங்கினபடியே இறுகி நீட்ட வராம போயிடும். உங்க அங்கன்வாடி சென்டர்ல தரைக்குப் பதிலா ஒரு குட்டி ஸ்டூல். எப்பவுமே தரையில உக்காரக் கூடாதுன்னு நான் சொல்லலை, 37 தடவையைப் பத்தாக்குங்கன்னு சொல்றேன்.

முட்டி சூடா சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தாலோ, மடக்கவும் நீட்டவும் முடியாம பூட்டிக்கிட்டாலோ, கெண்டைக்கால் வீங்கி வலிச்சாலோ பயிற்சி கியிற்சின்னு இருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி.

விறைப்பு முதுகு:

இடையில புகுந்ததுக்கு மன்னிக்கணும். எனக்கு 34 வயசு, கோயம்புத்தூர். எனக்கு இருக்குறது வேற நோய், முதுகெலும்பைப் பிடிக்கிற வாதம், ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். அஞ்சு வருஷம் "டிஸ்க் பல்ஜ்", அதாவது முதுகெலும்புக்கு நடுவுல இருக்குற தட்டு பிதுங்கியிருக்குன்னு சொல்லி பெட் ரெஸ்ட்ல வச்சாங்க, படுக்கப் படுக்க மோசமாச்சு. அதனால ஒரே ஒரு கேள்வி: காலையில எந்திரிச்சதும் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கு? அரை மணிக்குள்ள சரியானா தேய்மானமா இருக்க வாய்ப்பு அதிகம். அதைத் தாண்டி நீடிச்சா, கை விரல் மூட்டும் வீங்கினா, ரத்தப் பரிசோதனையோட வாத நோய் டாக்டரைப் பாருங்க. அதுக்கு மருந்து வேற, பயிற்சி மட்டும் போதாது.

துறையூர்க்காரி:

தம்பி, எனக்குப் பத்து நிமிஷம்தான். பல் தேய்ச்சு முடிக்கிறதுக்குள்ள சரியாயிடும். விரல் எல்லாம் நல்லா இருக்கு.

பிசியோ தம்பிக்கு ஒரு கேள்வி. போன வாரம் இன்னொரு இடத்துல காட்டினேன். முட்டிக்குள்ள கேமரா விட்டுக் கழுவி விட்டா லேசாயிடும்னு சொல்றாங்க. எங்க வீட்டுக்காரர் சீட்டுப் பணத்தை எடுக்கலாமான்னு கேக்குறார். அப்புறம் எடை. 22 வருஷமா மாசா மாசம் பிள்ளைங்களுக்கு எடை போட்டு நோட்டுல எழுதுறேன், என்னை நான் போட்டுப் பார்த்ததே இல்லை. நேத்து ஏறினேன். 74.600.

நெல்லை பிசியோ:

சீட்டுப் பணம் இருக்கட்டும் அக்கா. இதுல ஒரு பழைய ஆராய்ச்சி உண்டு, படிச்ச காலத்துல என்னை உலுக்கிப் போட்டது. அமெரிக்காவுல ஹூஸ்டன்ல 180 தேய்மான நோயாளிங்களை மூணு கூட்டமாப் பிரிச்சாங்க. ஒரு கூட்டத்துக்கு மூட்டைக் கழுவினாங்க, ஒரு கூட்டத்துக்குச் சுரண்டிச் சுத்தம் பண்ணாங்க. மூணாவது கூட்டத்துக்கு மயக்கம் குடுத்து, தோல்ல மட்டும் கீறித் தையல் போட்டு அனுப்பிட்டாங்க. உள்ள ஒண்ணுமே பண்ணலை. ரெண்டு வருஷம் பார்த்தாங்க. மூணு கூட்டத்துக்கும் வலியில வித்தியாசம் இல்லை. 2002ல வெளிவந்தது. மூட்டுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குற இன்னொரு ஜவ்வு கிழிஞ்சு மூட்டு பூட்டிக்கிறவங்க கதை வேற. வெறும் தேய்மானத்துக்குக் கழுவுறது வேண்டாம்.

எடை நல்ல கேள்வி. ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழுற பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறையும். 2005ல அளந்து பார்த்திருக்காங்க. நாலு கிலோ குறைச்சா அடிக்குப் பதினாறு கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ, கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

காசு செலவு பண்ண வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல, 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சதுல இருந்தே, வீட்டுக்கு வர்ற பிசியோ சேவையும் உண்டு. உங்க ஊர் நர்சம்மாவைக் கேளுங்க.

ஹேர்னிங் அக்கா:

வணக்கம் தங்கச்சி. நான் டென்மார்க்கில ஹேர்னிங் எண்ட இடத்தில இருக்கிறன், சொந்த இடம் யாழ்ப்பாணம். இஞ்ச வந்து துப்புரவு வேலை செய்து செய்து ரெண்டு முழங்காலும் போட்டுது. குடும்ப வைத்தியரிட்டப் போனன். ஒரு ஊசியும் போடேல்ல, 'கிளாட்' எண்டு ஒரு வகுப்புக்கு எழுதித் தந்தார். டேனிஷ் பாசையில கிளாட் எண்டால் சந்தோசம். முழங்கால் நோவோட போனவளுக்குச் சந்தோச வகுப்பாம். எனக்கு வந்த கோவம்!

இந்த வகுப்பு இஞ்ச 2013இல தொடங்கினது. முதல்ல நோயைப் பற்றிக் கதைச்சு விளங்கப்படுத்துவினம், பிறகு கிழமைக்கு, உங்கட பாசையில வாரத்துக்கு, ரெண்டு தரமா ஆறு கிழமை, பன்னிரண்டு வகுப்பு. மெசின் ஒண்டும் இல்லை. கதிரை, ரப்பர் பட்டி, ஒரு படி, ஒரு துண்டுத் துணி. ஒரு காலுக்குக் கீழ அந்தத் துணியை வைச்சு நிலத்தில பின்னுக்கு வழுக்கிப் போட்டுத் திருப்பி இழுக்க வேணும், நிக்கிற காலின்ர முழங்கால் பாதத்துக்கு நேர நிக்க வேணும். வாழ்க்கை முழுக்கத் துணியால நிலம் துடைச்சவளை இஞ்சயும் துடைக்க விடுறாங்களே எண்டு நினைச்சன். உடன இருந்த டேனிஷ் மனுசிக்கு அதைச் சொல்ல அவ விழுந்து விழுந்து சிரிச்சா.

தொடங்க முதல் ஒரு சோதினை. நெஞ்சில கையைக் கட்டிக்கொண்டு 30 செக்கனில கதிரையில இருந்து எத்தினை தரம் எழும்புறம் எண்டு எண்ணுவினம். எனக்கு 9. மூண்டு மாசத்தால 13. நோ முழுக்கப் போகேல்ல, பொய் சொல்லக்கூடாது. பனிக்காலத்தில இன்னும் நோகும். ஆனா மாத்திரை கிழமைக்கு ஒண்டு எண்ட அளவுக்கு வந்திட்டுது. நீங்களும் முதல்ல எண்ணி எழுதி வையுங்கோ. நோவுக்கு ஞாபக மறதி கூட, முந்தி எப்பிடி இருந்தது எண்டு அது சொல்லாது.

துறையூர்க்காரி (எட்டு வாரம் கழிச்சு):

எல்லாருக்கும் நன்றி சொல்லிட்டு விவரத்தையும் எழுதிடலாம்னு வந்தேன்.

அக்கா சொன்ன மாதிரி முதல் நாளே எண்ணினேன். 30 வினாடியில 6. ஏழாவதுக்குப் பாதி எந்திரிச்சு உக்காந்துட்டேன். சீட்டுப் பணம் சீட்டுலயே இருக்கு. நர்சம்மா எங்க சென்டருக்குத் தடுப்பூசி போட மாசா மாசம் வர்ற ஆளுதான், எனக்குக் கேக்கத் தோணலை பாருங்க. கேட்டேன். ஒரு பிசியோ பொண்ணு ரெண்டு தடவை வந்துச்சு. நான் நாற்காலியில இருந்து எந்திரிக்கும்போது வலது காலுக்குப் பாரமே குடுக்காம இடது கால்லயே எந்திரிச்சிருக்கேன். மூணு வருஷமா அப்படித்தான் போல, எனக்கே தெரியாது. இடது பாதத்தை ஒரு சாண் முன்னால தள்ளி வைங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. அன்னைக்குத்தான் வலது தொடை நடுங்கின நடுக்கத்தைப் பார்த்தேன்.

நாலாவது வாரம் நல்லா இருக்கேன்னு ஒரு திமிர் வந்துடுச்சு. புரட்டாசி சனிக்கிழமை பெருமாள் மலைக்கு வண்டிப் பாதை இருக்கும்போது, படியிலதான் ஏறுவேன்னு ஏறினேன். ஏறிட்டேன். இறங்கும்போது கண்டக்டர் அண்ணன் சொன்னது ஞாபகம் வந்து வலது காலையே முன்ன வச்சு ஒவ்வொரு படியா இறங்கினேன், அப்படியும் மறுநாள் வீக்கம். முன்னாடி மாதிரி எல்லாத்தையும் விட்டுடலை. ரெண்டு நாள் துண்டை அமுக்குறது மட்டும், அப்புறம் பாதி அளவுல ஆரம்பிச்சு ஒரு வாரத்துல பழைய கணக்குக்கு வந்துட்டேன். பெருமாள் கோவிச்சுக்க மாட்டார், அடுத்த வருஷம் வண்டியிலதான்.

இப்ப கணக்கு: 30 வினாடியில 10. எடை 72.900. ராத்திரிச் சோத்தைக் குறைச்சது தவிர வேற ஒண்ணும் பண்ணலை. நடை 25 நிமிஷம். கல்யாண வீட்டுப் பந்தியில இன்னும் சம்மணம் போட முடியலை, டேபிள் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் மொய் எழுதப் போறேன்.

சென்டர்ல குட்டி ஸ்டூல் வாங்கியாச்சு, 180 ரூபா. பதினோரு மணிக்குப் பிள்ளைங்க எல்லாம் வட்டமா உக்காந்துக்கும், நான் நடுவுல நாற்காலியில எந்திரிச்சு உக்காருவேன், அதுங்க எண்ணும். பெரிய பிள்ளைங்க சரியா எண்ணும். சின்னதுங்க ஏழுக்கு அப்புறம் நேரா பத்துக்குப் போயிடும். நானும் திருத்துறதில்லை.

பிசியோ தம்பி, அந்த நீ கேப் 650 ரூபாய்க்கு வாங்கினது பீரோவுல சும்மா கிடக்கு. தினம் போடணுமா?

நெல்லை பிசியோ:

தினம் வேண்டாம் அக்கா. வீடு வீடா போற நாள்ல மட்டும் போட்டுக்கோங்க, வந்ததும் கழட்டிடுங்க. அந்த ஏழுக்கு அப்புறம் பத்துங்குற கணக்கை மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க.